வராத நாளின் கணக்கு

(ஸ்ரீபெரும்புதூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இந்த அறக்கட்டளை இதுவரை பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுக்கும் பிள்ளைகளுக்கு ரொக்கப் பரிசு கொடுத்துவருகிறது. அதோடு இன்னொரு பரிசையும் சேர்க்க அதை நிறுவிய குடும்பத்தாருக்கு ஆசை: ஜூனிலிருந்து ஏப்ரல் வரை ஒரு நாள்கூட லீவு போடாத பிள்ளைக்குக் கைக்கடிகாரமும் சான்றிதழும். "இதைப் பற்றியே பேசிவிடுங்கள்" என்று கேட்டுக்கொண்டார்கள். வாழ்த்திப் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அந்தப் பரிசு வேண்டாம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். பணத்தைக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. அது போய்ச் சேர வேண்டிய இடம் வேறு.

முதலில் அந்தப் பரிசின் பக்கம் இருக்கும் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது சின்ன நியாயம் இல்லை. பள்ளி ஆண்டு விழா மேடையைப் பார்த்திருப்பீர்கள். ரேங்க் எடுத்த பிள்ளை நாலு தடவை ஏறி இறங்கும். ஓட்டப்பந்தயக்காரன் மூன்று தடவை. கூட்டத்தில் முக்கால்வாசிப் பிள்ளைகளின் பெயர் மைக்கில் வரவே வராது. கடைசியில் "முழு வருகை" என்று அறிவிப்பார்கள். படிப்பிலும் சுமார், விளையாட்டிலும் சுமார், ஆனால் நாள் தவறாமல் வந்து உட்கார்ந்த ஒரு பையன் மேலே போய் எவர்சில்வர் டிபன் பாக்ஸ் வாங்குவான். கம்பெனிச் சீருடையோடு ஓடிவந்த அவன் அம்மா கீழே நின்று போட்டோ எடுப்பார். புத்தியும் உடல்வாகும் பிறப்போடு வருகிறவை, வருகை மட்டும் முயற்சியால் வருவது, ஆகவே யாருக்கும் எட்டக்கூடிய ஒரே பரிசு இதுதான் என்று ஆசிரியர்கள் சொல்வதுண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. யாருக்கும் எட்டக்கூடியதா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

சீக்கிரம் வருகிறவனைக் கொண்டாடும் வழக்கம் நமக்குப் புதிதும் இல்லை. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் மாவட்டம்தோறும் பள்ளிக் கணக்குக் கேட்டார். அப்போது இந்த மாகாணத்தில் இருந்த பெல்லாரியின் கலெக்டர் ஏ.டி. கேம்பெல் 1823 ஆகஸ்டில் பதில் எழுதினார். அவர் பார்த்த உள்ளூர்ப் பள்ளிகளில் காலையில் முதலில் வரும் பையனின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயரை எழுதுவார்களாம். இரண்டாவதாக வருகிறவன் கையில் ஒரு சுழி, புகழும் இல்லை பழியும் இல்லை என்பதற்கு அடையாளம். மூன்றாமவனுக்கு மெல்ல ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு, அப்புறம் ஆளுக்கு ஒன்று கூடிக்கொண்டே போகும். தரம்பால் தொகுத்து 1983-இல் வெளியிட்ட நூலில் இந்த அறிக்கை முழுமையாக இருக்கிறது. அந்த ஏற்பாட்டில் ஒரு கணக்கைக் கவனியுங்கள். எல்லாப் பையன்களும் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்தாலும் சரஸ்வதி ஒரே ஒரு கையில்தான் உட்காருவாள். பத்தாவதாக வந்தவன் எட்டு அடி வாங்கித்தான் தீர வேண்டும். வீடு தூரமாக இருப்பவன், விடியற்காலையில் மாடு பிடித்துக் கட்ட வேண்டியவன், தினம் தினம் வாங்குவான். முதலில் வந்தவனின் வீடு பள்ளிக்குப் பக்கத்தில் இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

இப்போது நம்முடைய ஊருக்கு வருவோம். இருங்காட்டுக்கோட்டையில் 1996-இல் ஹூண்டாய் கடைக்கால் போட்டதும் 1998-இல் முதல் சான்ட்ரோ வெளியே வந்ததும் இங்கே பலருக்கு நினைவிருக்கும். 2006-இல் நோக்கியா வந்தது, 2014 நவம்பரில் மூடிவிட்டும் போனது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான். அப்புறம் டயர், லாரி, புல்லட், கண்ணாடி, செல்போன் என்று வல்லம் வடகால், பிள்ளைப்பாக்கம், சுங்குவார்சத்திரம் வரை ஆலை ஆலையாக நிற்கிறது. ஆலைகளோடு ஒரு சம்பள வழக்கமும் கூடவே வந்தது. அட்டெண்டன்ஸ் போனஸ். நைட் ஷிப்ட் முடித்துவிட்டுத் தூங்கப் போகாமல் இங்கே வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெற்றோர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மாதம் முழுக்க வந்தால் ஒரு தொகை. ஒரு நாள் போடாவிட்டால் அந்த ஒரு நாள் சம்பளத்தோடு அந்தத் தொகையும் போகும், பல இடங்களில் முழுசாகவே போகும். அதனால்தான் நூற்றியிரண்டு டிகிரிக் காய்ச்சலில் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு விடியற்காலை நாலே முக்காலுக்குக் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிறோம். நிரந்தரத் தொழிலாளிக்கு அது கொஞ்சம் வலி. கான்ட்ராக்ட்டில் இருப்பவருக்கு அந்த மாத வாடகையே அதுதான்.

பள்ளிக்கூடத்தின் முழு வருகைப் பரிசு இதே இயந்திரத்தின் சின்ன வார்ப்பு. பெற்றோருக்கு அது உடனே புரிகிறது, பிடித்தும் போகிறது, ஏனென்றால் அவர்கள் வாழ்வது அந்த விதியின்படிதான். "இப்பவே பழகினாத்தான் நாளைக்குக் கம்பெனியில நிக்க முடியும்" என்று ஒரு தகப்பனார் என்னிடம் சொன்னார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஆலைக்காக எழுதிய சட்டத்துக்கே அந்த நினைப்பு இல்லை. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 240 நாள் வேலை பார்த்தவருக்குச் சம்பளத்தோடு விடுப்பு உண்டு என்றது. எவ்வளவு என்றால், வயது வந்தவருக்கு 20 நாள் வேலைக்கு ஒரு நாள். சிறுவருக்கு? 15 நாளுக்கு ஒரு நாள். சிறுவர்கள் ஆலையில் வேலை பார்த்ததை ஒத்துக்கொண்ட காலத்துச் சட்டம் அது. அந்தச் சட்டத்துக்கே தெரிந்திருந்தது, வளரும் உடம்புக்கு ஓய்வு நாள் கூடுதலாக வேண்டும் என்று. அந்தக் கணக்கைப் பள்ளிக்குப் போட்டுப் பாருங்கள். கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 220 வேலை நாள் கேட்கிறது. 15-ஆல் வகுத்தால் பதினான்கு நாளுக்கு மேல் வருகிறது. ஆலைக்குப் போன சிறுவனுக்குப் பதினான்கு நாள் உரிமை, பள்ளிக்கு வரும் சிறுவனுக்குப் பூஜ்யம் இருந்தால்தான் கைக்கடிகாரம். இஎஸ்ஐ இருக்கும் தொழிலாளி நோயில் படுத்தால் சம்பளத்தில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். அம்மை போட்டுப் படுத்த ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு நாம் வைத்திருப்பது பதிவேட்டில் சிவப்பு மையில் ஓர் 'ஆ'.

அந்தப் பதிவேட்டைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். இப்போது காலையில் செயலியில் வருகை ஏற்றுகிறார்கள், நெட்வொர்க் கிடைத்தால். இருந்தாலும் நீளமான அந்த நோட்டு போகவில்லை. ஆசிரியர் அதை மேலிருந்து கீழாகப் பார்ப்பார்: இன்று யார் யார் இல்லை. நாம் இடமிருந்து வலமாக, ஒரே பெயரைப் பிடித்துக்கொண்டு மாதக் கணக்கில் போனால் வேறொன்று தெரியும். மாத்தூர் பக்கம் லைன் வீட்டில் குடியிருந்த ஓர் எட்டாம் வகுப்புப் பெண்ணின் வரிசை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இரண்டு வாரம் வரிசையாகச் சாய்கோடு. மூன்றாவது வாரம் நாலு நாள், ஐந்து நாள் 'ஆ'. மறுபடி இரண்டு வாரம் ஒழுங்கு. மறுபடி ஓட்டை. சோம்பேறித்தனத்துக்கு இப்படி ஒரு தாளம் இருக்காது. விசாரித்தால், அம்மாவும் அப்பாவும் வேறு வேறு கம்பெனி, இருவருக்கும் வாரம் ஒரு ஷிப்ட் மாறும். இருவர் ஷிப்ட்டும் பகலில் ஒன்றின்மேல் ஒன்று விழும் வாரத்தில் இரண்டு வயதுத் தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. அங்கன்வாடியில் விடலாம் என்றால் காலையில் கொண்டுபோய் விடவும் மத்தியானம் கூப்பிட்டு வரவும் யார்? அந்த வரிசையில் எழுதியிருந்தது இரண்டு கம்பெனிகளின் ஷிப்ட் அட்டவணை. அவள் வராத நாட்களை வைத்து அவள் அம்மா எப்போது ஃபர்ஸ்ட் ஷிப்ட் என்று சொல்லிவிடலாம்.

அந்தப் பெண்ணிடம் போய், வருஷம் பூராவும் வந்தால் கடிகாரம் தருகிறோம் என்று சொல்வதில் என்ன அர்த்தம் இருக்கிறது? அவளுக்கு வர ஆசை இல்லை என்று யார் சொன்னது? இன்னொன்றும் உண்டு. முப்பது பெண்களுக்கு மேல் வேலை பார்க்கும் ஆலையில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று அதே 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தில் விதி இருந்தது. ஐம்பது பேர் வேலை பார்க்கும் எந்த நிறுவனத்துக்கும் காப்பகம் கட்டாயம் என்று 2017-இல் மகப்பேறுச் சட்டத்தைத் திருத்தினார்கள். காகிதத்தில் அந்தத் தம்பிக்கு ஓர் இடம் இருக்கிறது. ஆனால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இருட்டில் கம்பெனி பஸ் ஏற முடியுமா, கான்ட்ராக்டர் வழியாக வந்தவரின் குழந்தையைச் சேர்ப்பார்களா என்று கேட்டால் பெரும்பாலும் பதில் இல்லை. சிப்காட் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதி கட்டி 2024 ஆகஸ்டில் திறந்தது. நல்ல காரியம். வேலைக்கு வரும் பெண்ணுக்குப் படுக்கை வேண்டும் என்று நினைத்தவர்கள் அவளுக்குக் கல்யாணமாகிக் குழந்தை பிறந்த பிறகு என்ன என்பதையும் இனி நினைப்பார்கள் என்று நம்புவோம்.

வடக்கிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளுடைய வரிசை வேறு மாதிரி. பீகார்க் குழந்தை தீபாவளியோடு மறைந்தால் சத் பூஜை முடிந்து, ரயிலில் இடம் கிடைத்து, திரும்பி வர மாதம் ஒன்றாகும். நம் திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சிக் குடும்பங்களுக்கு ஆடிக் கூழ், குலதெய்வம், காதுகுத்து. சித்தாள் வேலைக்கு இடம் மாறுகிறவர்களின் பிள்ளைகள் நடுவில் பள்ளியே மாறிவிடுவார்கள். ஜூனில் சேராத பிள்ளைக்கு 'முழு ஆண்டு' என்ற ஒன்றே கிடையாது, போட்டியில் அது ஆரம்பத்திலிருந்தே இல்லை. ஆக அந்த மேடையில் கடைசியில் ஏறுவது யார்? வீடு பக்கத்தில், பாட்டி வீட்டில், அப்பாவுக்கு ஜெனரல் ஷிப்ட், உடம்புக்கு ஒன்றும் வராத பிள்ளை. பெரும்பாலும் பரிசு இல்லாவிட்டாலும் வந்திருக்கும் பிள்ளை.

இதெல்லாம் அனுபவப் பேச்சு, ஆராய்ந்து பார்த்தவர்கள் உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் டாட் ராஜர்ஸ், அவரோடு கார்லி ராபின்சன் முதலியோர் 15,329 மாணவர்களை வைத்துப் பார்த்தார்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை படிப்பவர்கள். ஒரு பிரிவுக்கு, வரும் மாதம் முழுக்க வந்தால் சான்றிதழ் என்று கடிதம். இன்னொரு பிரிவுக்கு, ஏற்கெனவே ஒரு மாதம் முழுக்க வந்ததற்கு இந்தா சான்றிதழ் என்று கையிலேயே. மூன்றாவது பிரிவுக்கு ஒன்றும் இல்லை. வாக்குறுதி வாங்கியவர்கள் வருகையில் சொல்லிக்கொள்ளும்படி எந்த ஏற்றமும் இல்லை. சான்றிதழ் வாங்கியவர்களோ அடுத்த மாதம் மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதலாக லீவு போட்டார்கள். 2021-இல் அச்சான ஆய்வு இது. ஆராய்ச்சியாளர்கள் எதிர்பார்த்ததும் இதுவல்ல. அவர்கள் சொல்லும் காரணம் நமக்கு விளங்கும்: பாராட்டியதும் பிள்ளைக்கு, "அப்படியானால் மற்றவர்கள் இவ்வளவு வருவதில்லை போலிருக்கிறது, நாம் கேட்டதற்கு மேலேயே செய்துவிட்டோம்" என்று தோன்றிவிடுகிறது. வித்தியாசம் பெரிது இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் காசைச் செலவழித்து எதிர்ப்பக்கம் போவானேன்?

அதைவிட என்னைத் தொந்தரவு செய்தது நம் நாட்டு ஆய்வு. சுஜாதா விசாரியா, ராஜீவ் தேஹேஜியா முதலிய நால்வர் குடிசைப் பகுதிகளில் நடந்த முறைசாரா வகுப்புகளில் பார்த்தது, 2016-இல் வெளியானது. குறிப்பிட்ட நாள் வந்தால் சின்னப் பரிசு. பரிசு இருந்தவரை வருகை ஏறியது. பரிசை நிறுத்தியதும்? எப்போதும் ஒழுங்காக வரும் பிள்ளைகளிடம் மாற்றமில்லை. முதலிலேயே குறைவாக வந்துகொண்டிருந்த பிள்ளைகள் முன்னைவிடக் கீழே போனார்கள். மதிப்பெண் இறங்கியது, பாடத்தில் ஆர்வம் இறங்கியது, தன்னால் முடியும் என்ற எண்ணமும் இறங்கியது. யாருக்காக அந்தப் பரிசை வைத்தார்களோ அவர்களையே அது கீழே தள்ளியது. எட்ட முடியாத உயரத்தில் ஒரு பொருளைத் தொங்கவிட்டு ஆறு மாதம் காட்டினால், அது உனக்கில்லை என்பதைத்தான் அந்தப் பிள்ளை படித்துக்கொள்கிறது.

பரிசு எங்கேயும் வேலை செய்யாது என்று நான் சொல்லவில்லை. உதய்ப்பூர் மாவட்டத்துக் கிராமங்களில் சேவா மந்திர் நடத்திய ஓராசிரியர் பள்ளிகளில் ஆசிரியரிடம் கேமரா கொடுத்தார்கள். காலையில் ஒரு படம், மாலையில் ஒரு படம், பிள்ளைகளோடு. ஆசிரியர் வந்த நாட்களைப் பொறுத்துச் சம்பளம். வராத ஆசிரியர் 42 விழுக்காடாக இருந்தது 21 ஆனது, பிள்ளைகளின் படிப்பும் ஏறியது. பின்னாளில் நோபல் வாங்கிய எஸ்தர் டஃப்ளோ செய்த ஆய்வு. முன்வரிசை ஆசிரியர்கள் முறைக்க வேண்டாம், நானும் உங்கள் ஆள்தான். வருவதும் வராததும் தன் கையில் இருக்கிற, அதற்குச் சம்பளமும் வாங்குகிற ஒரு பெரிய ஆளுக்கு அது பொருந்தியது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் காலை அதன் கையில் இல்லை.

நம் மாநிலம் இதை நூறு வருஷம் முன்பே கண்டுகொண்டது என்றுதான் சொல்வேன். 1920 செப்டம்பரில் பிட்டி தியாகராயர் தலைமையில் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவுக்குத் தீர்மானம் போட்டது, ஒரு பிள்ளைக்கு நாளுக்கு ஓரணாவுக்கு மேல் போகாமல். 1956-இல் காமராஜர், 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவு. இவை ஒன்றிலும் "ஒழுங்காக வந்தவனுக்கு மட்டும்" என்ற வரி இல்லை. நேற்று வராதவனுக்கும் இன்று முட்டை உண்டு. காலை உணவு வந்த பள்ளிகளில் பெரும்பாலானவற்றில் வருகை கூடியதாக மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. இலவச பஸ் பாஸும் அப்படியே, பதினோராம் வகுப்புச் சைக்கிளும் அப்படியே. பீகார் 2006-இல் ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்குச் சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. அந்த வயதுப் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் சேர்வது மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஏறியதாகக் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் கணக்கிட்டிருக்கிறார்கள். இன்று நம் லைன் வீடுகளில் இருக்கும் பீகார்த் தாய்மாரில் சிலர் அந்தச் சைக்கிளில் பள்ளிக்குப் போனவர்களாக இருக்கக்கூடும். தூரம் தடையாக இருந்தது, தூரத்தைக் குறைத்தார்கள், பெண்கள் வந்தார்கள்.

சட்டமும் இதையே சொல்கிறது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் எட்டாம் பிரிவில் 'கட்டாயக் கல்வி' என்பதற்கு விளக்கம் இருக்கிறது. பிள்ளையின் சேர்க்கை, வருகை, எட்டாம் வகுப்பு வரையிலான நிறைவு ஆகிய மூன்றையும் உறுதி செய்வது அரசின் கடமையாம். கட்டாயம் அரசுக்கு! அப்படிப் பார்த்தால் முழு வருகைக்கான சான்றிதழை மாவட்ட நிர்வாகத்துக்குத்தான் கொடுக்க வேண்டும், தகுதி இருந்தால்.

உடம்பு விஷயத்துக்கு வருகிறேன், இதை ஆலைக்காரர்களும் ஒத்துக்கொள்வார்கள். 2022 நவம்பரில் மெட்ராஸ் ஐ சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் எப்படிப் பரவியது என்று நினைவிருக்கும். கண் சிவந்தால் வீட்டிலேயே இருங்கள், பள்ளிக்கு வராதீர்கள் என்று அரசே கேட்டுக்கொண்டது. அந்த நவம்பர் வரை 'ஆ' வாங்காத ஒரு பையனை யோசித்துப் பாருங்கள். இன்னும் ஐந்து மாதம் போனால் கடிகாரம். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்துவிடுவான், வகுப்பில் நாற்பது பேருக்கும் கொடுத்துவிடுவான். வகுப்புக்கே சேர்த்து ஒரு கோப்பை என்றால் இன்னும் மோசம்: காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையின் வீட்டுக்கு மற்ற பிள்ளைகள் போய், "உன்னாலதான் நம்ம கிளாஸுக்குப் போச்சு" என்பார்கள். மாதத்தில் இரண்டு நாள் வயிற்று வலியில் சுருண்டு கிடக்கும் பெண்பிள்ளை, கழிப்பறையில் தண்ணீர் வராத பள்ளியில் படிக்கிறவள், காரணத்தைச் சொல்லவும் முடியாமல் அந்தக் கோப்பையை இழப்பாள்.

இப்படிச் சொல்வதால் வராமல் இருந்தால் பரவாயில்லை என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. நான் கணக்கு வாத்தியார். பின்னம் நடத்திய நாலு நாள் வராத பிள்ளை அடுத்து வரும் விகிதத்தில் தடுக்கும், விகிதத்தில் தடுக்கினால் வட்டியில் விழும், பத்தாம் வகுப்பு வரை அது போகும். விட்டுப்போன நாள் தானாக ஆறுவதில்லை. அதனால்தான் கடிகாரத்துக்குப் போகும் பணம் அந்த நாளுக்குப் போகட்டும் என்கிறேன். ஒரு பிள்ளை மூன்று நாள் வராமல் நாலாவது நாள் வகுப்பு வாசலில் வந்து நிற்கிறது. அப்போது என்ன நடக்கிறது? "எங்கடா போனே, லீவ் லெட்டர் எங்கே" என்று கேட்பார்கள். அது தலையைக் குனிந்துகொண்டு கடைசி பெஞ்சில் உட்காரும். பக்கத்துப் பையனின் நோட்டைப் பார்த்து எழுதச் சொல்வார்கள், எழுதும், புரியாது. ஒன்றிரண்டு தடவை இப்படி ஆன பிறகு பள்ளிக்கு வருவதைவிட வராமல் இருப்பது அதற்குச் சுலபம். இடைநிற்றல் என்று புள்ளிவிவரத்தில் வருவதற்கு முன்னால் இப்படித்தான் அது தொடங்குகிறது.

குடும்பத்தாருக்கு என் வேண்டுகோள் இது. ஒரு பள்ளிக்கு ஓர் ஆள் போடுங்கள், இந்த ஊரிலேயே பிளஸ் டூ, டிகிரி படித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண் ஒருவர். பாதி நாள் வேலை, ஒழுங்கான சம்பளம். இரண்டாம் நாளும் ஒரு பிள்ளை வரவில்லை என்றால் அவர் அந்த வீட்டுக்குப் போக வேண்டும். திட்ட இல்லை, என்ன விஷயம் என்று கேட்க. இந்தி தெரிந்தவர் கிடைத்தால் இன்னும் நல்லது. திரும்பி வந்த பிள்ளைக்கு மாலையில் ஒரு மணி நேரம் விட்டுப்போன பாடத்தைச் சொல்லித் தர வேண்டும். மாதம் ஒரு முறை அவரும் வகுப்பாசிரியரும் பதிவேட்டை இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும். கண்ணாடி வேண்டிய பிள்ளை, ஷேர் ஆட்டோக் காசு இல்லாத பிள்ளை, மாற்றுச் சீருடை இல்லாமல் மழைநாளில் வராத பிள்ளை எல்லாம் அதில் தெரியும், அதற்குச் சின்னதாக ஒரு கைச்செலவு நிதி. பாராட்ட வேண்டும் என்றால் போன பருவத்தைவிட இந்தப் பருவம் கூடுதலாக வந்த பிள்ளையின் வீட்டுக்கு ஒரு கார்டு எழுதிப் போடுங்கள், மேடை வேண்டாம். கைக்கடிகாரத்தைவிட இதற்குச் செலவு கூடத்தான். உங்களால் இரண்டு பள்ளிக்குத்தான் முடியும் என்றால் இரண்டு பள்ளிக்குச் செய்யுங்கள்.

மிச்சத்துக்கு ஆலைகளைக் கேட்க வேண்டும். லாபத்தில் 2 விழுக்காடு சமூகப் பொறுப்புக்குச் செலவழிக்க வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் சொல்கிறது. அந்தப் பணத்தில் நம் பள்ளிகளுக்கு ஸ்மார்ட் கிளாஸ் வருகிறது, காம்பவுண்டு சுவரில் பட்டாம்பூச்சி வரைகிறார்கள், வாசலில் கம்பெனி பெயரோடு பலகை வைக்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் லைன் வீடுகள் நெருக்கமாக இருக்கும் மாத்தூரிலும் வல்லத்திலும் சுங்குவார்சத்திரத்திலும் விடியற்காலை நாலரைக்குத் திறக்கிற, எந்தக் கம்பெனி, எந்தக் கான்ட்ராக்டர் என்று கேட்காத ஒரு குழந்தைகள் காப்பகம் வேண்டும், பல ஆலைகள் சேர்ந்து நடத்துவதாக. கணவனும் மனைவியும் வேறு வேறு ஆலையில் இருந்தாலும் சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டில் இருவருக்கும் ஒரே வாரம் பகல் ஷிப்ட் விழாமல் மாற்றிக் கேட்க ஒரு வழி வேண்டும். இந்த இரண்டையும் கேட்டு சிப்காட்டுக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் ஒரு கடிதம் வரைந்து கொண்டுவந்திருக்கிறேன். தமிழில் ஒரு பிரதி, இந்தியில் ஒரு பிரதி. தேநீர் வைத்திருக்கும் மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறது. கம்பெனி பெயர் எழுத வேண்டாம், குடியிருக்கும் தெருவும் பிள்ளை படிக்கும் வகுப்பும் போதும். செகண்ட் ஷிப்ட் பஸ்ஸுக்குப் போக வேண்டியவர்கள் முதலில் போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.